செம்பருத்தி நடுங்கிய பதினோரு மாதம்: நாலு சிலிண்டர் ஸ்விஃப்டோடு ஏழு வருடம்

2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்ததிலிருந்து என் சித்தப்பா மகன் வாரம் தவறாமல் போன் செய்கிறான். "அக்கா, புது ஸ்விஃப்ட் எடுக்கவா, இல்ல உங்ககிட்ட இருக்கிற மாதிரி நாலு சிலிண்டர் பழசா ஒண்ணு தேடவா?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதியே அனுப்புகிறேன் என்றேன். அவனுக்கு எழுத உட்கார்ந்தது இவ்வளவு நீண்டுவிட்டது.

என்னுடையது 2018 மாடல், கே12எம் பெட்ரோல் எஞ்சின், கையால் கியர் போடும் வண்டி. நேற்று வரை 1,06,000 கிலோமீட்டர். பெரும்பாலும் திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையே வேலைக்குப் போய் வந்ததுதான். 1197 சிசி, 83 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் திறன்), பதினாறு வால்வு, அந்த வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்க டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த 1197 மட்டும் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. 2005இல் முதல் ஸ்விஃப்ட் வந்தபோது எஞ்சின் 1298 சிசி. அடுத்த வருட பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் சின்ன கார், அதற்கு வரி 24 இல்லை, 16 சதவீதம் என்றார்கள். 2010இல் ஸ்விஃப்டுக்கு இந்த 1197 சிசி எஞ்சின் வந்தது. வரிக் கோட்டுக்கு மூன்று சிசி இந்தப் பக்கம்! இப்போது ஜிஎஸ்டி 18 சதவீதத்துக்கு இறங்கிய பெட்ரோல் கார்களும் அதே கோட்டுக்கு உள்ளே இருப்பவைதான். நம் ஊர்க் கார் எஞ்சின்களின் அளவில் பாதியை இஞ்சினியர் முடிவு செய்கிறார், மீதியை நிதியமைச்சர் முடிவு செய்கிறார்.

சரி, வண்டிக்கு வருகிறேன். வாங்கிய புதிதில் சிக்னலில் நிற்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் சாவியைத் திருப்பி 'கர்ர்ர்' என்று ஸ்டார்ட்டரைக் கத்த வைத்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, நாலைந்து முறை. அவ்வளவு சத்தமில்லாத எஞ்சின். டேஷ்போர்டில் ஒரு சின்ன மண் பிள்ளையார் உண்டு. காலையில் வீட்டுச் செடியிலிருந்து ஒரு செம்பருத்தி பறித்து அவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். செம்பருத்தியின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு இருக்கிறதே, அதைவிட நல்ல அதிர்வுமானி எதுவும் கிடையாது. ஐந்து வருடம் அது சிக்னலில் அசைந்து நான் பார்த்ததில்லை.

இதற்குக் காரணம் நாலு சிலிண்டர். இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருகிறது, ஒன்றின் எடையை இன்னொன்று சரிக்கட்டிவிடுகிறது. 1-3-4-2 என்ற வரிசையில் அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர் எரிந்து தள்ளுகிறது. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் 1400 சின்னச் சின்னத் தள்ளு. மூன்று சிலிண்டரில் அதே வேகத்துக்கு 1050தான், ஒவ்வொன்றும் கொஞ்சம் பெரிய தள்ளு. போதாததற்கு மூன்று சிலிண்டர் எஞ்சினின் ஒரு முனையும் மறுமுனையும் சீசா பலகை மாதிரி மாறி மாறித் தூக்கப் பார்க்கும். நாலு சிலிண்டரிலும் மிச்ச அதிர்வு ஒன்று உண்டு, எஞ்சின் சுற்றுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில். 1.2 லிட்டர் அளவுக்கு அது உறைக்காது.

இப்படி ஐந்து வருடம் பழக்கிவிட்டதுதான் பிரச்சினையே. 2023இல், 78,000 ஓடியிருந்தபோது, ஒருநாள் பழனி சாலை சிக்னலில் ஏசி கம்ப்ரஸர் 'டிக்' என்று விழுந்து ஓடத் தொடங்கியதும் செம்பருத்தி நடுங்கியது. பின்னால் நின்ற காய்கறி லாரியின் ஹெட்லைட், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கம்ப்ரஸர் விட்டதும் பூவும் நின்றது, லாரியும் ஒன்றானது.

நான் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு எஞ்சின் மவுண்ட் ரப்பர் வெடித்திருக்கிறது என்றார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஐந்து வருடச் சூட்டில் கிடந்தால் வெடிக்கத்தான் செய்யும். மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியை எடுத்து வெளியே வந்து முதல் சிக்னலில் நின்றால் நடுக்கம் இன்னும் அதிகம்! முன்பு ஏசி விழுந்தால் மட்டும் ஆடியது, இப்போது ஏசி இல்லாமலும் ஆடியது. ஸ்டீயரிங்கில் தெரிந்தது, சீட்டில் தெரிந்தது, கதவுப் பையில் கிடந்த சில்லறைக் காசு பேசியது.

திரும்பப் போனேன். "புது ரப்பர் மேடம், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." ஆயிரம் ஓட்டினேன். பிறகு எஞ்சினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியில் கரி என்றார்கள், கழுவினார்கள். பிளக் மாற்றினார்கள். அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான், பரவாயில்லை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் மாற்றிப் பார்த்தார்கள். பெட்ரோல் சரியில்லை என்றார்கள். எதற்கெடுத்தாலும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் மேல் பழி போடும் காலம் அது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலின் எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். எனக்கும் 18 கிடைத்த இடத்தில் இப்போது 17தான் கிடைக்கிறது. அதற்காக ஒரே பெட்ரோல் ஓடும்போது சாது, நிற்கும்போது மட்டும் சாமியாடுமா?

எல்லாவற்றையும்விட எரிச்சல் ஒன்று உண்டு. நாலாவது முறை என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அவருக்கு வண்டியில் ஹாரன் எங்கே இருக்கிறது என்பதைத் தாண்டி எதுவும் தெரியாது. சூப்பர்வைசர் என்னைத் தாண்டி அவரிடம் போய், "ஸ்கேனர் போட்டுப் பார்த்துட்டோம் சார், ஒண்ணுமே இல்ல. மேடத்துக்கு அப்படித் தோணுது" என்றார். ஐந்து வருடமாக வேலைக்குப் போகும் நாளெல்லாம் அறுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறவள் நான். தோணுகிறதாம்.

ஸ்கேனர் சொன்னது பொய்யில்லை. ஏதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டால் எஞ்சினின் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து பி0301 முதல் பி0304 வரை எந்த சிலிண்டர் என்று குறித்து வைக்கும், விளக்கும் எரியும். ஆனால் ரப்பருக்கு சென்சார் கிடையாது. அது கல்லாக இருந்தாலும் களியாக இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். கையால் பார்த்தும் பிரிக்கலாம். சிலிண்டர் ஒன்று விட்டால் ஆட்டம் தாளம் தப்பும், நொண்டுகிறவன் நடை மாதிரி. மவுண்ட் போனால் ஒரே சீரான நடுக்கம், மிக்ஸி மேல் கை வைத்த மாதிரி. என்னுடையது மிக்ஸி. இதை இப்போது சொல்கிறேன், அப்போது எனக்கும் தெரியாது.

பதினோரு மாதம் கழித்து பேகம்பூர் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பழைய அம்பாசிடர் காலத்து மெக்கானிக், பெயர்ப்பலகைகூடக் கிடையாது. என்ன செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு முதல் கியரில் கிளட்சை லேசாக விடச் சொன்னார், அப்புறம் ரிவர்ஸில். எஞ்சின் எவ்வளவு புரள்கிறது என்று பார்த்தார். பிறகு ஜாக்கியின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, எஞ்சினுக்கு அடியில் கொடுத்து ஒரு விரல்கடை தூக்கினார். நடுக்கம் நின்றது. இறக்கினார், வந்தது. மறுபடி தூக்கினார், நின்றது. "ரப்பர் கட்டியா இருக்கும்மா. இது மலிவு சரக்கு. எஞ்சின் ஆட்டத்தை வாங்கிக்காம அப்படியே பாடிக்குக் கடத்துது." மொத்தம் பத்து நிமிடம்.

கழற்றிப் பார்த்தால் அதில் பார்ட் நம்பரும் இல்லை, ஒன்றும் இல்லை. பில்லில் ஒரிஜினல் விலை போட்டிருந்தார்கள். ஒரிஜினலுக்கும் அதற்கும் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். அந்த ஆயிரத்துச் சொச்சத்துக்காக ஒரு நல்ல எஞ்சினின் மேல் பதினோரு மாதம் சந்தேகப்பட்டேன். ஒர்க்‌ஷாப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பில்லையும் பழைய மவுண்டையும் பையில் போட்டுக்கொண்டு நேரில் போய் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன், போதும்.

நியாயமாகப் பேசினால் எஞ்சினுக்கு ஏழு வருடத்தில் நான் செலவழித்தது மிகக் குறைவு. பத்தாயிரத்துக்கு ஒரு ஆயில், 92,000இல் வால்வு கவர் ஓரமாக ஆயில் கசிந்து ஒரு கேஸ்கெட், ஒரு தெர்மோஸ்டாட். செயின் இன்னும் முதல் செயின்தான். செயினுக்குச் செலவே இல்லை என்று நினைத்து ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வதே ஆயில் அழுத்தத்தில்தான். பழசு பார்க்கப் போனால் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கே போ. பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் உனக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சில வினாடி சங்கிலி உரசுகிற மாதிரி சலசலத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. ரேடியேட்டரில் தண்ணீர் நிறம் எப்படி இருக்கிறது என்றும் பார். கூலன்ட் இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்களின் வண்டி வேண்டாம்.

கீழ் வேகத்தில் இழுவை கொஞ்சம் சோம்பல் என்பதும் உண்மை. முழு டார்க் 4200 சுற்றில்தான் வருகிறது. ஆள் நிறைய ஏறி, ஏசியும் போட்டுச் சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் மூன்றாவது கியரை மறந்துவிட வேண்டியதுதான். அது அதன் சுபாவம். 3000ஐத் தாண்டிவிட்டால் அதே எஞ்சின் பாடிக்கொண்டு போகும், மதுரை நான்கு வழிச் சாலையில் எனக்கு அலுத்ததே இல்லை.

2024இல் வந்த புது ஸ்விஃப்டை ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் பெயர் இசட்12ஈ, அதுவும் 1197 சிசி, ஆனால் மூன்று சிலிண்டர். லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் என்கிறார்கள், என்னுடையதற்குச் சொன்னது 22. கீழ் வேகத்தில் இழுவை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, மறுக்கமாட்டேன். நிற்கும்போது ஒரு துடிப்பு தெரிகிறது. டெஸ்ட் டிரைவ் வண்டியில் பிள்ளையார் இல்லை, அதனால் அளக்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் 2021 முதல் 2024 வரை வந்த ஸ்விஃப்டில் 90 குதிரைத்திறன் டூயல்ஜெட் எஞ்சின் இருக்கிறது, அதுவும் நாலு சிலிண்டர். பழசுதான் வேண்டுமென்றால் அதைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

இவ்வளவும் எழுதியதைப் படித்தால் நாலு சிலிண்டரை வாங்கு என்று சொல்வேன் என்றுதான் நினைப்பாய். இல்லை தம்பி, புதுசையே எடு. அந்த மூன்று சிலிண்டர் துடிப்பு உனக்கு முதல் நாளிலிருந்தே பழகிவிடும், அது நின்றால்தான் பயப்படுவாய். என்னை மாதிரி ஐந்து வருடம் அமைதியில் இருந்துவிட்டு ஒரு சின்ன நடுக்கத்துக்காக ஒரே ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பத் திரும்ப அலைந்து, "தோணுது" என்று கேட்டுவிட்டு வரும் தலைவிதி உனக்கு எதற்கு? வாரன்டி இருக்கும் வரையாவது யாரும் உனக்குப் பெயர் இல்லாத ரப்பரை மாட்ட மாட்டார்கள்.

என் வண்டியை விலைக்குக் கேட்கலாமா என்று சித்தியிடம் விசாரித்தாயாம். கேட்காதே, கொடுக்க மாட்டேன். போன வாரத்திலிருந்து இரண்டாவது கியரில் எங்கோ தகரம் அதிர்கிற மாதிரி சத்தம் வேறு வருகிறது, சைலன்சர் மேலே இருக்கும் ஹீட் ஷீல்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை பெரியவரிடம் கொண்டுபோக வேண்டும்.