ஜப்பான் மெனு: ஏஐ படமா, வாசல் மாதிரியா?

ஜப்பானில் 'கிட்சுனே உடோன்' என்றால் நேர்ப்பொருள் நரி நூடுல்ஸ். பயப்பட வேண்டாம், மேலே கிடப்பது பொரித்த டோஃபுதான். 'ஒயாகோதோன்' பெற்றோரும் பிள்ளையும்: சோற்றின் மேல் கோழி, முட்டை. (யோசித்தால் கொஞ்சம் சங்கடமான பெயர்!)

மெனுவைப் போனில் படமெடுத்து ஏஐயிடம் கொடுத்தால் பெயரை விளக்கி, படமும் வரைந்து தரும். ஆனால் அது வரைவது பொதுவான ஓர் உடோன். இந்தக் கடைக் கிண்ணம் அல்ல. பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு நரியை வரைந்தாலும் வரையும்.

கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் நிஜ உணவு போலவே செய்து வைத்திருக்கும் மாதிரி உணவு வேறு ரகம். 1932இல் ஒசாகாவில் இவாசாகி தகிசோ இதைத் தொழிலாக்கினார். அப்போது மெழுகு, இப்போது பிளாஸ்டிக். கிண்ணத்தின் அளவு, எத்தனை இறால், பக்கத்திலேயே விலை. விரலை நீட்டினால் ஆர்டர் முடிந்தது. பெட்டி இருக்கும் கடையில் நான் போனை எடுக்கவே மாட்டேன்.

சரி, கையெழுத்து மெனு மட்டும் உள்ள சந்துக்கடைக்கு? அங்கே ஏஐதான். ஆனால் சைவக்காரர்கள் படத்தோடு நிறுத்தாமல் 'இதில் தாஷி உண்டா' என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் மீனில் எடுக்கும் அந்தச் சாறு படத்திலும் தெரியாது, பிளாஸ்டிக்கிலும் தெரியாது.