கிளட்ச் ஸ்லிப் ஆகும் பொலேரோ பிக்கப்பா, காரமடைப் பக்கம் ஒரு பட்டறை இருக்கிறது

கோவை மாவட்டம் காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற பட்டறை. போர்டு கிடையாது. ஒரு அண்ணன், கூட இரண்டு பையன்கள், வாசலில் எப்போதும் ஏதாவது ஒரு பிக்கப் கியர் பாக்ஸ் இறக்கி நிற்கும். அந்தப் பக்கம் வண்டி ஓட்டாதவர்கள் பட்டறையை விட்டுவிட்டு, அவர் கோளாறைக் கண்டுபிடித்த விதத்தை மட்டும் படித்துக்கொள்ளுங்கள், எந்த ஊரிலும் உதவும்.

என்னுடையது 1.7 டன் பொலேரோ பிக்கப், 2,523 சிசி இன்ஜின். குன்னூருக்கு உரமும் மாட்டுத்தீவனமும் ஏற்றுவோம், திரும்பும்போது கேரட், பீட்ரூட். கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும், மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி முக்கிக்கொண்டு அதே வேகத்தில் போகும், பர்லியார் வருவதற்குள் கேபின் முழுக்கக் கருகல் வாடை. வேறொரு இடத்தில் கிளட்ச் பிளேட் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே போய்க் கேட்டால், நீங்கள் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறீர்கள், இன்னொரு பிளேட் போட்டுவிடலாம் என்றார்கள். அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது.

இந்த அண்ணன் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட கேள்வியே வேறு. "மிதிக்கறப்ப இன்ஜின் சத்தம் ஏறுதுங்களா, இல்ல சத்தமும் சேர்ந்து அடங்கிப் போகுதுங்களா?" டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் டர்போ ஹோஸ் விரிசல் விட்டிருந்தாலும்கூட வண்டி இழுக்காது, ஆனால் அப்போது இன்ஜினும் சேர்ந்து திணறும். சத்தம் சர்ரென்று ஏறி வண்டி மட்டும் ஏறவில்லை என்றால்தான் கிளட்ச் ஸ்லிப், அதாவது பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது. இது தெரியாமல் பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றிப் பார்த்துப் பணம் விட்டவர்கள் எங்கள் ஸ்டாண்டிலேயே உண்டு.

அடுத்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். மேலே கொஞ்சம் ப்ளே, அதாவது லேசாக இறங்குகிற தளர்வு, இருக்க வேண்டும். அது சுத்தமாக இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது மட்டும் அழுத்த வேண்டிய ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும், புது பிளேட்டானாலும் பிடிக்காது, அதற்கு மாஸ்டர் சிலிண்டர் ராடை அட்ஜஸ்ட் செய்தால் போதும், கியர் பாக்ஸை இறக்கவே வேண்டாம். என் வண்டியில் ப்ளே சரியாக இருந்தது. அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்காவது கியரில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விட்டார். நல்ல கிளட்சாக இருந்தால் இன்ஜின் அப்போதே அணைந்துவிட வேண்டும். என்னுடையது அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. இதை நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிளேட் தேய்ந்தே இருக்கவில்லை, ரிவெட்டுக்கு மேலே லைனிங் நன்றாக இருக்கிறது. ஆனால் முழுக்க ஆயில்! பையன் ஒருவன் பெட்ரோல் ஊற்றிக் கழுவி உப்புத்தாள் போடட்டுமா என்று கேட்டான், அண்ணன் முறைத்தார். லைனிங்குக்குள் ஊறிப்போன ஆயில் சூடு ஏறினால் திரும்ப வெளியே வரும், நாலு நாள்கூட நிற்காது. பிளேட் ஒட்டிப் பிடிக்கிற இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலில் வேறு அங்கங்கே நீலம் பாய்ந்து சூட்டுத் தழும்பு. அவர் அந்த ஆயிலை விரலில் தொட்டு என்னிடமே நீட்டினார். கறுப்பாக, தண்ணீராக இருந்தால் இன்ஜின் ஆயில், இன்ஜின் கிராங்க்கின் பின்பக்கத்து சீல் போயிருக்கிறது. இது கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தது, அதாவது கியர் ஆயில், கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகிற இன்புட் ஷாஃப்ட்டின் சீல் வழியாக வருகிறது. சரி, சீல் மாற்றினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அவரோ கியர் பாக்ஸ் தலையில் இருக்கிற காற்றுப்போக்கியான பிரீதரைத் துடைத்து, கம்பி விட்டுக் குத்திக் காட்டினார். தோட்டத்துச் சேறு ஏறிக் கல்லாக அடைத்துக் கிடந்தது. பாக்ஸ் சூடானால் உள்ளே காற்று விரியும், போக வழி இல்லையென்றால் அது சீலைத் தாண்டி ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். "சீலை மட்டும் மாத்தியிருந்தா அதுவும் கசியுமுங்க" என்றார்.

ஃப்ளைவீலை லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டு, அதாவது முகத்தைச் சமமாகச் சீவி, வாங்கினார்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகத்தான் போடுவேன் என்று அடம்பிடிக்கிறார், அது சரியும்கூட. பேரிங்கை மிச்சப்படுத்திவிட்டு, அது கத்த ஆரம்பித்ததும் மறுபடி பாக்ஸ் இறக்கக் கூலி கொடுப்பதில் என்ன லாபம்? பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட்டையே வைத்திருக்கிறார், பாக்ஸ் ஏற்றும்போது இழுபறி இல்லாமல் உட்கார்ந்தது. லூக், வேலியோ எந்தக் கம்பெனியானாலும் செட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போகலாம், உதிரிபாகத்தில் அவர் கமிஷன் பார்ப்பதில்லை. எனக்குக் கூலி 2,800 ரூபாய், லேத் செலவு தனி. முதல் சில நூறு கிலோமீட்டர் முழு லோடு ஏற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். மழைக்காலம் முழுக்க ஓட்டியாகிவிட்டது, கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் அடியில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் தருகிறேன் என்பார், மறுநாள் மதியம்தான் வண்டி கைக்கு வரும். ஃபோனை எடுக்க மாட்டார். கம்பெனிக் கணக்கில் காட்ட ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் செட் வாங்கிய கடையில் கிடைக்கும், இவரிடம் கூலிக்குத் துண்டுச்சீட்டுதான். ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப்களில் வருகிற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை அவர் தொடுவதே இல்லை. அதில் கியர் நழுவினால் முதலில் பார்க்க வேண்டியது ஆயிலின் அளவும் வாடையும், அதற்கு வேறு ஆள் தேடுங்கள்.

சனிக்கிழமை மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள், ஞாயிறு லேத் மூடியிருக்கும், வண்டி திங்கள்வரை ஜாக்கி மேலேயே நிற்கும்.