என் நாய் செவலையின் மழைக்கோட்டு, 14 மாதம் கழித்து

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் மின்தூக்கியில் கேட்டார். “தம்பி, செவலை போட்டிருக்கானே அந்தக் கோட்டு, இப்ப 29 வெள்ளியாம். எங்க குட்டிக்கும் வாங்கட்டுமா?” நான் வாங்கியபோது 46 வெள்ளி. ஆறாவது மாடி வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பர் பருவமழை முழுவதும் இவன் முதுகு நனையவே இல்லை. முன்பெல்லாம் காலை நடை முடிந்து வந்தால் இரண்டு துண்டு, அரை மணி நேரம். இப்போது பாதங்களையும் வாலையும் துடைத்தால் போதும். கழுத்துப் பக்கம் வாரை மாட்ட விட்டிருக்கும் ஓட்டைக்கு மேலே ஒரு மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதன் வழியாகத் தண்ணீர் இறங்காது. யோசித்துச் செய்த வேலை அது.

ஆனால் வயிற்றுப்பட்டையில் வெல்க்ரோ வைத்தவர்மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அதுவே அதற்குச் சிரமம். அதனால் மழை விட்டதும், வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல், புளோக்கின் கீழ்த்தளத்திலேயே கோட்டைக் கழற்றிவிட வேண்டும். அப்படிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ‘சர்ர்’ என்று வயிற்று முடியும் சேர்ந்து வரும். நான் பட்டையில் கை வைத்தாலே செவலை உடம்பைக் குறுக்கிக்கொள்வான். நான்கு மாதத்தில் முடி அடைத்து வெல்க்ரோ ஒட்டவும் மறுத்தது. இறுக்கிப் போட்டேன். முன்னங்காலுக்குப் பின்னால் தோல் உரிந்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

அளவிலும் தொல்லைதான். செவலை, அரசு அடுக்குமாடி வீடுகளில் உள்ளூர் நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்யும் அடோர் திட்டத்தில் வந்த நம் ஊர்க் கலப்பினம். நெஞ்சு ஆழம், இடுப்பு ஒல்லி. கடையின் அளவு அட்டை முதுகு நீளத்தை மட்டும் கேட்டது. முதுகுக்கு எம் (M) சரி, நெஞ்சுக்கு எல் (L) வேண்டும். எல் போட்டால் வால்மேல் தொங்குகிறது. ஆண் நாய் வைத்திருப்பவர்கள் வயிற்றுத் துணி எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். நீளமாக இருந்தால் காலைத் தூக்கும்போதெல்லாம் நனையும்.

கடைசியில் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் தையல்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாயை அங்கே கூட்டிப்போக முடியாது. அதனால் என் பழைய பனியனை அவனுக்குப் போட்டு, அக்குள் எங்கே, பட்டை எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொண்டுபோனேன். வெல்க்ரோவைப் பிரித்துவிட்டுப் பிளாஸ்டிக் கிளிப் வைத்தார். பட்டையை அகலமாக்கி உள்ளே பருத்தித்துணி கொடுத்து, அக்குளை இரண்டு விரல் அகலம் வெட்டிவிட்டார். 15 வெள்ளி. அன்றிலிருந்து செவலை தானாகவே வந்து தலையை நுழைக்கிறான்.

உட்பூச்சு ஓரங்களில் உரியத் தொடங்கியிருக்கிறது. ஈரத்தோடு அலமாரியில் மடித்து வைத்தால் அப்படித்தான் ஆகும், நிழலில் விரித்துக் காயவிடுங்கள்.

இவ்வளவு பாராட்டிவிட்டும், அக்கா, 29 வெள்ளிக்கும் இதை வாங்காதீர்கள். நல்ல கோட்டுதான், நாளைக் காலை மழை பெய்தாலும் செவலை இதைத்தான் போட்டுக்கொண்டு இறங்குவான். ஆனால் அவன் இடது அக்குளில் ஒரு காசளவுக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. தினமும் துடைக்கும்போது அது கண்ணில் படுகிறது. கிளிப் வைத்த கோட்டாகத் தேடுங்கள். குட்டியை நிற்கவைத்து முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும், பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டேப்போடு நானே வருகிறேன்.