ஸ்டெம் செல் பேக்கேஜ்: முதுகுத்தண்டில் அடிபட்டவர் வீட்டில் இருந்தால், பணம் கட்டும் முன் படியுங்கள்

எனக்கு முதுகுத்தண்டில் டி10 லெவலில் (தொப்புள் மட்டத்துக்கான நரம்புப் பகுதி) அடி, கம்ப்ளீட். தொப்புளுக்குக் கீழே உணர்வும் கிடையாது, அசைவும் கிடையாது. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு ஸ்டெம் செல் (உடலில் வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஏற்றினால் நடக்கலாம் என்று ஒரு தனியார் கிளினிக்காரர்கள் எங்களைப் பிடித்தார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். இன்பாக்ஸில் கேட்காதீர்கள்.

ஈரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில் ‘இலவச ஆலோசனை முகாம்’. டாக்டர் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போய்விட்டார். மற்றதெல்லாம் ‘பேஷண்ட் கவுன்சிலர்’ என்று ஒரு பெண்தான். டேப்லெட் திரையில் ஒரு வீடியோ காட்டினார். என்னைப் போலவே டி10 அடிபட்டவர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் அந்த ஆளின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காருவதற்கு முன்னால் அவர் கை பேண்ட்டுக்கு மேலேயே எதையோ தடவி நெம்பியது. காலிப்பரின் (காலை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிச் சட்டம்) பூட்டு! காலிப்பர் மாட்டி, தோளில் பலம் ஏற்றிப் பழகினால் எங்களில் பலர் எந்த செல்லும் ஏற்றாமலே அவ்வளவு தூரம் நடப்போம். வேலூர் சிஎம்சி மறுவாழ்வு மையத்தில் அப்படி நடந்தவர்கள் நிறையப் பேர். நானும் நடந்திருக்கிறேன்.

கேட்டேன். “அது சப்போர்ட்டுக்குத்தான் சார், போகப் போக எடுத்துருவோம்” என்றார். அதற்குள் மாமா கவுன்ட்டரில் அட்வான்ஸ் கட்டிவிட்டார். பாக்கிக்கு அக்காவின் நகை பேங்குக்குப் போனது. மூன்று ‘டோஸ்’, மொத்தம் நாலரை லட்சம்.

“ஜப்பான்லயே வந்துருச்சு சார்” என்பது அவர்களுடைய பெரிய அஸ்திரம். ஜப்பானில் வந்தது என்னவென்று பிறகு தேடிப் படித்தேன். 2018 டிசம்பரில் அங்கே ஒரு செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். அதற்கு அடிபட்ட 31 நாளுக்குள் எலும்பு மஜ்ஜை எடுத்தாக வேண்டும். 13 பேரிடம் மட்டும் பார்த்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லாமல் அனுமதித்துவிட்டதாக வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதையே கடுமையாக விமர்சித்தார்கள். அதே ஜப்பானில் கெயோ பல்கலைக்கழகம் ஐபிஎஸ் செல்லை (சாதாரண உடல் செல்லை மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்) வைத்து நடத்திய சோதனையில் மொத்தம் நான்கு பேர். எல்லாருக்கும் அடிபட்டு நான்கு வாரத்துக்குள் செலுத்தினார்கள். 2025 மார்ச்சில் வந்த முடிவுப்படி இரண்டு பேருக்கு முன்னேற்றம், அதில் ஒருவர் எழுந்து நின்று நடைப்பயிற்சி எடுக்கிறார். நல்ல செய்திதான். ஆனால் அடிபட்ட முதல் சில மாதத்தில் தானாகவே கொஞ்சம் திரும்புகிறவர்களும் உண்டு என்பதால், அவர்களே அதற்குமேல் அடித்துச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து, இடுப்பெலும்பில் மஜ்ஜை உறிஞ்சி, சாயங்காலமே முதுகில் ஊசி போட்டு ஏற்றுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கையெழுத்து வாங்கியது தியேட்டர் வாசலில், கவுன் மாட்டிப் படுக்க வைத்த பிறகு. பக்கம் பக்கமாக ஆங்கிலம். வீட்டுக்கு வந்து தம்பி படித்துச் சொன்னான்: இது பரிசோதனை நிலையில் உள்ள முறை, பலனுக்கு உத்தரவாதம் இல்லை, பணம் திரும்பத் தரப்படாது. பில்லை எடுத்துப் பார்த்தால் ‘பிசியோதெரபி, டே கேர் கட்டணம்’ என்று இருக்கிறது. ஸ்டெம் செல் என்ற பேச்சே அதில் இல்லை. எத்தனை செல் ஏற்றினார்கள், கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் பார்த்தார்களா, எதற்கும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

முதல் ஊசிக்கு அடுத்த வாரம் கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தது. போன் செய்தால், “சூப்பர் சார், நரம்பு முழிச்சுக்குது!” என்றார் கவுன்சிலர். அம்மா சாமிக்கு விளக்கேற்றினார். நம் ஆட்களுக்குத் தெரியும், ஸ்பாஸம் (தசை தானாக வெட்டி இழுப்பது) திடீரென்று கூடினால் முதலில் யூரினைப் பார்க்க வேண்டும். பார்த்தோம், இன்ஃபெக்‌ஷன். அதோடு தியேட்டர் ட்ராலியில் திருப்பிப் போடாமல் கிடத்தி வைத்திருந்ததில் வால் எலும்புப் பக்கம் படுக்கைப் புண். அது ஆறும்வரை வீல்சேரில் உட்கார முடியவில்லை, மொபைல் சர்வீஸ் கடையும் பூட்டியே கிடந்தது. மிச்ச டோஸுக்குப் போகவில்லை, பணமும் வரவில்லை. அவர்கள் கோப்பில் எனக்கு ‘உட்காரும் பேலன்ஸில் முன்னேற்றம்’ என்று டிக் அடித்து வைத்திருக்கிறார்கள். அந்த பேலன்ஸ் வேலூரில் பாயில் உட்கார வைத்துப் பந்து போட்டுப் பிடிக்கச் சொன்ன பிசியோ அண்ணன் கொடுத்தது.

இனி, உங்களிடம் யாராவது வந்தால். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி ரத்த சம்பந்தமான நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று தவிர, ஸ்டெம் செல்லை வேறு எதற்கு ஏற்றினாலும் அது ஆராய்ச்சிதான். அனுமதி வாங்கிய கிளினிக்கல் ட்ரையலாக (நோயாளிகளிடம் நடத்தும் ஆராய்ச்சிச் சோதனை) மட்டுமே செய்யலாம். ட்ரையல் என்றால் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களின் இணையப் பதிவேடு) பதிவு எண் இருக்கும். எண்ணைக் கேளுங்கள், அந்தத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ட்ரையலில் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம் (நமக்கு எழுந்து வருவது சிரமம், வண்டியைத் திருப்பிவிடலாம்).

பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. ஏற்கெனவே செல் ஏற்றிக்கொண்டவர்களைப் பல நிஜமான ட்ரையல்கள் சேர்த்துக்கொள்வதில்லை. நாளைக்கு உருப்படியாக ஒன்று நம் ஊரில் தொடங்கினாலும், இந்த ஒரு ஊசிக்காக என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். முகாமில் இதை யாரும் சொல்லவில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ‘நரம்பு முழிச்சுக்குது’ என்ற அந்த வாய்ஸ்தான் இப்போது என் புகாரில் முக்கியமான சாட்சி. டாக்டர் மீதான புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு, பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.