பள்ளிச் சூழல் மன்றம்: தன்னார்வலராகப் போவதா, பயிற்சிப் பணியில் சேர்வதா?

மார்ச் பிறந்தால் போதும், கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி நடத்தும் அமைப்பு ஒன்றில் சேர ஆசை. வாரம் ஒருமுறை ஒரு பள்ளிக்குப் போய்வரும் தன்னார்வலர் வேலை நல்லதா, இரண்டு மாதம் முழுநேரமாகச் செய்யும் பயிற்சிப் பணி (இன்டர்ன்ஷிப்) நல்லதா? நான் இரண்டையும் செய்திருக்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு கல்வியாண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைதோறும் போனேன். அடுத்த கோடையில், பல பள்ளிகளின் சூழல் மன்றங்களை இணைக்கும் அமைப்பு ஒன்றில் பயிற்சிப் பணி செய்தேன்.

முதலில் பள்ளியின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். பள்ளிகளில் சூழல் மன்றங்களை அமைக்கும் மத்திய அரசுத் திட்டமான தேசிய பசுமைப் படை 2001-02இல் தொடங்கியது. ஒரு பள்ளியில் 30 முதல் 50 மாணவர்கள், அவர்களுக்கு ஒரு பொறுப்பாசிரியர் என்பதே அதன் அமைப்பு. ஒரு மன்றத்துக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயாக இருந்த உதவித்தொகை பின்னர் 5,000 ஆனது. தமிழ்நாட்டில் ஆசிரியர்களுக்கான பயிற்சி, கையேடு போன்ற துணையைச் சென்னையில் 1989இல் தொடங்கப்பட்ட சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் அளித்துவந்தது. பொறுப்பாசிரியர் பெரும்பாலும் அறிவியல் ஆசிரியராக இருப்பார். பாடம், தேர்வுத்தாள், பதிவேடு எல்லாவற்றுக்கும் நடுவே அவருக்கு மிஞ்சும் ஒரு மணிநேரத்தில்தான் மன்றம் உயிரோடு இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் அந்த ஒரு மணிநேரத்துக்குத் தோள்கொடுக்கிறாரா, அதையும் பிடுங்கிக்கொள்கிறாரா என்பதுதான் என் அளவுகோல்.

தன்னார்வலராகப் போன முதல் மாதம் பிள்ளைகள் என்னை "மிஸ்" என்றார்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து போனபோது "அக்கா" ஆகியிருந்தேன். அந்த மாற்றத்துக்கு எந்தக் குறுக்குவழியும் இல்லை. எங்கள் மன்றத்தின் வேலை எளிமையானது: ஆளுக்கொரு மரம், வாரம் ஒரு பார்வை. இலை, பூ, காய் ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று குறிக்க வேண்டும். மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்களே குறித்து அனுப்பும், 2010 முதல் நடக்கும் சீசன்வாட்ச் திட்டத்தின் முறை இது. அதில் கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு மிகப் பெரியது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு மைதானத்து ஓரப் புங்கமரம். ஒரு வெள்ளிக்கிழமை ஓர் இலையைக் கொண்டுவந்து நீட்டினாள். இலைமேல் விரல்விரலாகச் சின்னப் புடைப்புகள். "அக்கா, இலைக்குக் கொப்புளம் வந்திருக்கிறது. மரம் செத்துவிடுமா?" எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். படித்துப் பார்த்தேன்: கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் இலையைத் தூண்டி அந்தப் புடைப்பை வளர்க்கச் செய்து உள்ளே குடியிருக்கிறது. மறுவாரம் கைலென்ஸோடு போய், பிளேடால் ஒரு புடைப்பைக் கீறி எல்லோரும் பார்த்தோம். அதன்பின் அவள் எந்தப் புங்கமரத்தைக் கண்டாலும் முதலில் இலையைத்தான் திருப்பிப் பார்க்கிறாள். "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்ல முடிவதுதான் தன்னார்வலரின் பெரிய பலம். இரண்டே நாள் முகாமுக்கு வருகிறவரால் அதைச் சொல்ல முடியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை என்று வெள்ளிக்கிழமைகளில் நிறையப் போய்விடும். வழிகாட்ட ஆள் இருக்காது. ஒரே பள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அதன் சிக்கல்தான் எல்லாப் பள்ளிக்கும் என்று தோன்ற ஆரம்பிக்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, தீபாவளியோடு நின்றுவிடும் தன்னார்வலர்கள். பிள்ளைகள் இரண்டு மூன்று வாரம் வாசலைப் பார்ப்பார்கள், பிறகு மரத்தைப் பார்ப்பதையும் விட்டுவிடுவார்கள். ஓராண்டு முடியாது என்றால் தயவுசெய்து தொடங்காதீர்கள்.

பயிற்சிப் பணி வேறு உலகம். கல்லூரிகள் அதற்கு ஒதுக்குவது பெரும்பாலும் மே, ஜூன். பள்ளியோ மே முழுவதும் பூட்டிக்கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்காக வேலை செய்ய வந்தவர் முதல் மாதம் ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் கணினி முன் உட்கார்ந்திருப்பார். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேர்ந்தால் ஏமாற்றம் இருக்காது, ஏனென்றால் அந்த மாதத்தில் கற்க வேண்டியது வேறு. பல பள்ளிகளிலிருந்து வந்த மரக் குறிப்புத் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் அதே வாரங்கள் காலியாக இருப்பதைக் கண்டேன்: தேர்வு வாரங்கள். என் பள்ளியின் சோம்பல் என்று ஓராண்டாக நினைத்திருந்தது எல்லாப் பள்ளிக்கும் பொதுவான நிலை. முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவது, ஆசிரியர் பயிற்சி நாளுக்கு வரவுசெலவு போடுவது, பிள்ளைகளுக்கான செயல்தாள் எழுதுவது எல்லாம் அங்கேதான் கற்றேன்.

அந்தச் செயல்தாளில் ஒரு பிழை செய்தேன். சரக்கொன்றைப் பூவை எண்ணி வரையச் சொல்லி ஒரு பக்கம் எழுதினேன். ஜூனில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஓர் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கொன்றை பூக்கிறபோது பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருப்பார்களேம்மா." ஓராண்டு பள்ளிக்குப் போன எனக்கே அது உறைக்கவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேப்பம்பழத்தை வைத்தோம். பள்ளி திறக்கும் நேரத்தில்தான் வேம்பு பழுத்து உதிரும், காக்கையும் மைனாவும் வரும். ஒரு தாள் சரியாக அமைந்துவிட்டால் நூறு வகுப்பறைக்குப் போகும். தன்னார்வலரின் கை அவ்வளவு தூரம் நீளாது.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். பக்கத்துப் பள்ளிக்குப் போய்வரச் செலவு குறைவு. 2021இல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் எனக்குச் செலவே இல்லை. முழுநேரப் பயிற்சிக்குச் சென்னையில் விடுதி, சாப்பாடு என்று கையைவிட்டுப் போகும். உதவித்தொகை தராத பயிற்சிப் பணியில், வீடு நகரத்தில் உள்ளவர்கள்தான் சேர முடியும். கிராமத்துப் பள்ளியில் படித்து வளர்ந்து, அந்தப் பள்ளிகளை உள்ளும் புறமும் அறிந்தவர் வெளியே நின்றுவிடுகிறார். இது எனக்கு ஆறாத வருத்தம்.

பள்ளிக்கு வெளியே ஒரு கடற்கரை எடுத்துக்காட்டும் உண்டு. சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. ஜனவரியிலிருந்து இரவுகளில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். குஞ்சு வெளிவர ஏறத்தாழ 45 முதல் 60 நாள் ஆகும். ஒரு மாதம் மட்டும் வருகிறவர் தன் கையால் புதைத்த முட்டை பொரிவதைப் பார்க்காமலே ஊருக்குப் போய்விடுவார்.

என் முடிவு தெளிவானது. முதலில் ஓராண்டு தன்னார்வலராக இருங்கள், பிறகு பயிற்சிக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் கொன்றைப் பூப் பிழைகள் பல நடக்கும், அவற்றைத் திருத்த அந்த ஆசிரியை எப்போதும் அருகில் இருக்கமாட்டார். கடைசியாண்டில் இருப்பவர், சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்றால் பயிற்சிதான் வழி. அப்படியானால் ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கல்லூரியில் கேளுங்கள், ஒரு மாதமாவது பிள்ளைகளோடு கிடைக்கும். தன்னார்வலராகப் போகிறவர்கள் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் பொறுப்பாசிரியரைப் பார்த்துவிடுங்கள். மன்றத்துக்கு எந்தப் பாடவேளை என்று அவர் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குவது அப்போதுதான்.