ஏர் ரைபிள்: .177ஆ, .22ஆ?

மண்டபம், கீழக்கரை பக்கம் ஏர் ரைபிளில் (காற்றுத் துப்பாக்கி) குறிசுடப் பழக நினைக்கும் தம்பிகள் .177, .22 என்ற இந்த இரண்டு குழல் அளவுக்கும் (அங்குலத்தில்) நடுவில்தான் தடுமாறுகிறார்கள். அணில் சுடத்தான் என்றால் இரண்டுமே வேண்டாம்; அது ராமர் தடவிய முதுகு என்று நம்பும் கரை இது.

உரிமம்: .177 ரைபிளில் பெல்லட் வெளிவரும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமல் இருந்தால் தேவையில்லை. .22க்குக் கட்டாயம் வேண்டும்.

பெல்லட் (சுடும் சிறு குண்டு): .177 என்றால் 4.5 மி.மீ, ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியும் இதில்தான். .22 என்றால் 5.5 மி.மீ, கனம் கூடுதல்.

காற்று: கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் .177 பெல்லட் குறியை விட்டு நகரும். வலுவான .22 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

உப்புக் காற்று: இரண்டுக்கும் ஒரே தொல்லைதான். துடைக்காமல் வைத்தால் குழல் வாயில் செம்பழுப்புப் பொட்டு விழும். சுட்டதும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். உறையில் மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும்.

புதிதாகப் பழக .177 போதும், அதுவும் விடியலில், காற்று எழும்பும் முன்னே. உரிமத்தோடு தூரக் குறி சுடுபவருக்கு .22.