ஏபிஆர்எஸ்ட்ராய்ட்: கேட்க ஆளில்லாத ஊரில் ஒரு செயலி

அத்தான் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் வள்ளம் வைத்திருக்கிறார்; புறாத்தீவுக்கு ஆள் ஏற்றி இறக்குவது தொழில். காற்று கொஞ்சம் பலத்தால் போதும், "வள்ளம் எங்க நிக்குது?" என்று அக்கா எனக்குக் கோல் எடுப்பார். தம்பியிடம் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் இருக்கிறது, அவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற நம்பிக்கை. அதற்காகத்தான் ஏபிஆர்எஸ்ட்ராய்டைப் போனில் ஏற்றினேன். ஏபிஆர்எஸ் என்பது ஹாம்காரர்கள் தங்கள் இடத்தையும் சிறு செய்திகளையும் ரேடியோவில் அனுப்பும் முறை; இது அதற்கான ஆண்ட்ராய்டு செயலி.

இணையம் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழைப்புக்குறியையும் (லைசென்ஸோடு கிடைக்கும் அடையாளப் பெயர்) அதற்குரிய கடவு எண்ணையும் கொடுத்தால் சரி, வரைபடத்தில் வந்துவிடுவீர்கள். குறிக்குப் பின்னால் ஓர் எண் ஒட்ட வேண்டும்: வோக்கிக்கு (கையில் பிடிக்கும் ரேடியோ) 7, படகுக்கு 8, காருக்கு 9. எனக்குப் பிடித்தது அது இடம் அனுப்பும் விதம். வேகமாகப் போனால் அடிக்கடி அனுப்பும், நின்றால் எப்போதாவது, திரும்பினால் உடனே. வள்ளம் தீவைச் சுற்றி வளைந்த வளைவு, எல்லாருடைய இடத்தையும் வரைபடத்தில் காட்டும் ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ தளத்தில் அப்படியே விழுந்திருந்தது. லைசென்ஸ் என்னுடையது என்பதால் அத்தானிடம் கொடுத்துவிட முடியாது, நானும் ஏறித்தான் போக வேண்டும். அக்கா இதை ஒரு தீர்வாகவே எடுக்கவில்லை.

அப்புறம் டேற்றாவை நிறுத்திவிட்டு வோக்கியோடு இணைத்துப் பார்த்தேன். செயலி நம் இடத்தை நொடிக்கு 1200 பிட் வேகத்தில் "கர்ர்ர்ச்" என்று ஒரு சத்தமாக மாற்றுகிறது. சத்தம் வந்ததும் வோக்கி தானாகவே அனுப்பத் தொடங்கும். ஆனால் அது விழிப்பதற்குள் சத்தத்தின் தலை போய்விடும், மிச்சத்தை வைத்து யாராலும் எதையும் படிக்க முடியாது. அமைப்புகளில் முன்னொலியின் (தகவலுக்கு முன்னால் வரும் வெற்றுச் சத்தம்) நீளத்தைக் கூட்டிய பிறகே சரிவந்தது. இணையத்தில் வாங்கிய வயர் இரண்டாம் நாளே செத்தது, விற்றவர் பதிலே போடவில்லை. அடுத்ததை நானே ஈயம் வைத்துப் பற்றினேன்.

சத்தம் போனது, கேட்கத்தான் ஆளில்லை. உங்கள் பொட்டலத்தை (அந்த ஒரு சத்தத்தில் அடங்கிய தகவல்) ஒரு ஹாம் நிலையம் கேட்டுத் திருப்பி ஒலிபரப்ப வேண்டும், இன்னொன்று அதை இணையத்தில் ஏற்ற வேண்டும். உப்புவெளியில் ஒரு வாரம் காத்திருந்தும் என் போனில் விழுந்தது என் குறி மட்டுமே. ஏபிஆர்எஸ் முறையை உருவாக்கிய பாப் புருனிங்கா (2022இல் காலமானார்) இது வாகனம் தேடும் கருவி அல்ல, சுற்றியிருப்பவர்கள் செய்தி பரிமாறும் வலை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுற்றி ஒருவரும் இல்லாதபோதுதான் அது எனக்கு உறைத்தது.

பக்கத்தில் இல்லாவிட்டால் மேலே பார்க்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 145.825 மெகாஹேட்ஸில் இப்படிக் கேட்டுத் திருப்பி ஒலிபரப்பும் ரேடியோ ஒன்று இருக்கிறது. செயலியில் பாதை (பொட்டலம் யார் வழியாகப் போக வேண்டும்) என்ற இடத்தில் ஏஆர்ஐஎஸ்எஸ் என்று போட வேண்டும், அவ்வளவுதான். கோணேசர் கோயில் பாறை இதற்கு நல்ல உயரம், ஆனால் வழியில் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அன்ரனாவும் கையுமாய் அங்கே போக எனக்குத் துணிவில்லை. உப்புவெளிக் கடற்கரையிலேயே நின்றேன். விண்வெளி நிலையம் முதல் தடவை கடந்து போனபோது ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை வோக்கியோடு வந்த ரப்பர் அன்ரனாவைக் கழற்றிவிட்டு, அரை மீற்றர் கம்பியில் நான் செய்ததைப் பூட்டினேன். நிலையம் வடமேற்கில் எழுந்து தலைக்கு மேல் வந்தபோது போனில் ஒரு வரி: என் குறி, பக்கத்தில் நிலையத்தின் குறியான ஆர்எஸ்0ஐஎஸ்எஸ், அதை ஒட்டி, அது திருப்பி ஒலிபரப்பியதைக் காட்டும் ஒரு நட்சத்திரக் குறி. நானூறு கிலோமீற்றர் உயரத்திலிருந்து என் இடத்தை எனக்கே சொல்கிறது! நாய் ஒன்றுதான் சாட்சி. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. விண்கலம் வந்து இணையும் நேரங்களில் அந்த ரேடியோவை நிறுத்தியும் வைப்பார்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஐபோன்காரர்களுக்கு இது கிடையாது. ஆண்ட்ராய்டில் பற்றரி சேமிப்பை இந்தச் செயலிக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள். நான் மறந்துபோய், குச்சவெளிக்குப் போகிற வழியில் திரை அணைந்ததும் அதுவும் தூங்கிவிட்டது. வரைபடத்தில் நான் இரண்டு மணி நேரம் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலிலேயே நின்றிருக்கிறேன்.